ஐசி போச்சுன்னு சொன்னா நம்பாதே

கோயம்புத்தூர்

அன்பு மீனு,

உன் லெட்டர் வந்த அன்னைக்கே பதில் எழுத உக்காந்தேன். விட்டாத்தானே! வாசல்ல ஒரு பேங்க் மேனேஜர், கைல மஞ்சப்பை. அந்தக் கதையை முதல்ல சொல்லி முடிச்சுடறேன், இல்லேன்னா எனக்கு வேற எதுவும் எழுத ஓடாது.

பைக்குள்ள ஒரு சேகா மெகா டிரைவ். ஜப்பான்ல 1988ல வந்த முதல் மாடல், கறுப்பு உடம்பு, நடுவுல பெரிய வட்டம். பையன் சின்னவனா இருந்தப்போ வாங்கினதாம். அப்ப இங்க சேகாவை யார் வித்தாங்கன்னு நினைக்கிறே? ஷா வாலஸ்டி! அதே விஸ்கி, பிராந்தி ஷா வாலஸ்தான். 90கள் நடுவுல இந்தியாவுல சேகாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் அவங்க. "பில்லுல கம்பெனி பேரைப் பாத்துட்டு எங்கம்மா என்கூட ஒரு வாரம் பேசல மேடம்"னு சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறார். பையன் இப்ப டெக்சாஸ்ல. பேரன் லீவுக்கு வர்றானாம், அவனுக்கு சோனிக் ஓடிக் காட்டணுமாம்.

எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு கடைல காட்டியிருக்கார். எந்தக் கடைன்னு நீ கேப்பே, நான் சொல்லமாட்டேன். அங்க இருந்த ஆள் சுவிட்சைத் தள்ளிப் பாத்தாராம், சிவப்பு லைட் எரியல. "ஐசி போச்சு சார், போர்டு கிடைக்காது, ஷோகேஸ்ல வெச்சுக்கோங்க." அவ்வளவுதான் வைத்தியம். ஒரு ஸ்குரூவைக் கழட்டல. செக்கிங் சார்ஜ் மட்டும் மறக்காம வாங்கிட்டார்.

எனக்கு இந்த "ஐசி போச்சு"ங்கற வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். ஐசி ஒரு மூலைல உக்காந்திருக்கு. அதை யாரும் தொடறதில்ல, இழுக்கறதில்ல, நசுக்கறதில்ல. முப்பது வருஷமா மனுஷன் கை எங்க எங்க பட்டுச்சோ அங்கதான் முதல்ல பாக்கணும். பவர் வயர் சொருகற ஜாக், டிவி வயர் போற சாக்கெட், கன்ட்ரோலர் மாட்டற இடம், கேசட் ஸ்லாட், சுவிட்ச். இதெல்லாம் போர்டுல வெறும் ஈயத்தை நம்பி நிக்குது. பையன் ஆட்டத்துல தோத்துட்டு வயரைப் புடுங்கறப்போ எல்லாம் அந்த ஈயம்தான் அடி வாங்குது.

பின்பக்கத்து மூடியைக் கழட்டி, உள்ள இருந்த தகரக் கவசத்தை எடுத்து, போர்டைக் குப்புறப் போட்டேன். பவர் ஜாக்கோட காலுங்க போர்டைத் துளைச்சு அடிப்பக்கம் எட்டிப் பாக்கற இடம். நேரா வெளிச்சம் அடிச்சுப் பாத்தா பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. லைட்டைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு, லென்ஸ் வழியா பாத்தேன் பாரு, ஒரு காலைச் சுத்தி முழு வட்டமா ஒரு கறுப்புக் கோடு. தலைமுடியை விட மெலிசு. ஐஸ்கிரீம் குச்சியால ஜாக்கை மெதுவா அழுத்தினா, ஈயம் அசையாம நிக்குது, நடுவுல கால் மட்டும் ஏறி இறங்குது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குப் போயா சிரிக்கறே"ன்னு கேட்டுட்டு நியூஸ் பாக்கப் போயிட்டார்.

அப்பா இதுக்கு டிரை சால்டர்னு சொல்வார். வால்வு ரேடியோ காலத்துல இருந்தே மெக்கானிக்குங்க எல்லாருக்கும் அதே பேர்தான். ஒண்ணு, செய்யறப்பவே சூடு பத்தாம ஈயம் ஒட்டாம உக்காந்திருக்கும். இல்ல, நல்லா ஒட்டினது காலப்போக்குல விட்டிருக்கும். மெஷினை ஆன் பண்ணினா சூடாகி விரியும், ஆஃப் பண்ணினா சுருங்கும். காலோட உலோகம் ஒரு அளவுக்கு விரியுது, போர்டு ஒரு அளவுக்கு, ஈயம் வேற அளவுக்கு. மெகா டிரைவ் முதல் மாடல்ல அடாப்டர்ல இருந்து வர்ற கரன்டை 5 வோல்ட்டா இறக்கறதுக்கு 7805னு ரெண்டு ரெகுலேட்டர் இருக்கு, அதுங்க கொதிக்கிற கொதிப்பு கொஞ்சநஞ்சமில்ல. அந்த விரிசல்ல கரன்ட் தாவித் தாவிப் போறப்போ அங்கயே இன்னும் சூடு, இன்னும் விரிசல். ஒருநாள் லைட் எரியாது. உடனே பழி ஐசி மேல.

மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தா கண்டுபிடிக்கலாமேன்னு நீ கேக்கலாம். மீட்டரை பீப் மோடுல வெச்சா கீக்குன்னு கத்தும், ஜாயின்ட் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட்டே குடுத்துடும். ஏன்னா மீட்டர் அனுப்பற கரன்ட் துளியூண்டு, ஒரு ஓரத்துல லேசா உரசிக்கிட்டிருந்தாக்கூட அது தாண்டிப் போயிடும். மெஷின் கேக்கற கரன்ட் போகாது. அதனால நான் மெஷினை ஆன் பண்ணி வெச்சுட்டு, மீட்டரோட ஒரு முள்ளைக் காலு மேலயும் இன்னொண்ணை அந்த ஈயத்துக்கு அப்புறம் போற டிராக் மேலயும் வெச்சு வோல்ட் பாப்பேன். நல்ல ஜாயின்ட்னா கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட் காட்டினா திருடன் அங்கதான். அடாப்டர்ல இருந்து வர்ற பக்கம் என்பதால கை வெச்சேன், நேரா வீட்டு மின்சாரம் நுழையற மெஷின்கள்ல யாரும் இப்படித் திறந்து வெச்சு ஆன் பண்ணிடக் கூடாது.

ஒட்டறது பெரிய வித்தை ஒண்ணுமில்ல, பொறுமை வேணும். பழைய விரிஞ்ச ஈயத்து மேலயே இன்னும் கொஞ்சம் தடவிட்டுப் போறது மார்க்கெட் வழக்கம். அது நாலு மாசம் தாங்கும், அடுத்த மாசம் அதே ஆளே திரும்பி வருவார், கடைக்கு அதுவும் லாபம்தான். நான் ஃபிளக்ஸ் வெச்சு, சூடு பண்ணி, சக்கரால பழசை முழுசா உறிஞ்சிடுவேன். காலைச் சுரண்டி சுத்தம் பண்ணிட்டு, புது ஈயம். 63க்கு 37 கலவை, தகரம் கூட, காரீயம் கம்மி. 183 டிகிரில டக்குனு உருகி டக்குனு உறையும், நடுவுல கூழா நிக்கற நேரமே கிடையாது. ஆறறப்போ கால் கொஞ்சம் அசைஞ்சாலும் ஜாயின்ட் கெட்டுப்போகுங்கறதால எனக்கு இந்தக் கலவைதான் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். சால்டரிங் அயர்ன் முனைல ஈயத்தை உருக்கி எடுத்துட்டுப் போய் ஜாயின்ட்ல அப்பறாங்க பாரு, அதைப் பாத்தா அப்பா கையைத் தட்டி விடுவார். போற வழியிலயே ஃபிளக்ஸ் புகையாப் போயிடும், அப்புறம் அது ஒட்டாது, உக்காரத்தான் செய்யும். முனையைக் காலுக்கும் போர்டுல இருக்கற செம்புக்கும் சேத்து வெக்கணும். ரெண்டும் சூடானப்புறம், ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்துல தொடணும். அது தானா உருகி, காலைச் சுத்தி ஓடி, ஓரத்துல மெலிசாப் படிஞ்சு நிக்கும். ரெண்டு மூணு செகண்டு வேலை. கிரவுண்டு கால் மட்டும் அடம் பிடிக்கும். அதுக்குப் பின்னாடி செம்பு அகலமா ஓடுது, குடுக்கற சூட்டை எல்லாம் குடிச்சுடும். அங்க அப்பாவோட 25 வாட் அயர்னை வெச்சுக்கிட்டு நின்னா விடிஞ்சுடும். தடிமனான முனையைப் போட்டு 350 டிகிரி வெச்சா முடிஞ்சது. வாயால ஊதிடக் கூடாது, தானா ஆறணும்.

சிவப்பு லைட் எரிஞ்சுது. "சே... கா..."ன்னு அந்தக் குரல் டிவில இருந்து வந்தப்போ மேனேஜர் முகத்தைப் பாக்கணுமே! பேன்ட் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு, எங்க வீட்டு ஹால்ல நின்னபடியே ஒரு லெவல் முடிச்சுட்டுத்தான் போனார். அவர் சம்சாரம் கீழ கார்ல காத்துக்கிட்டு ஹாரன் அடிச்சது தெருவுக்கே கேட்டுச்சு.

சரி, தெருக்கதைக்கு வர்றேன். எதிர்வீட்டு மாமியை உனக்கு ஞாபகம் இருக்கா, கோலப்போட்டிக்கு நடுவரா வந்து எல்லாருக்கும் மார்க் கொறைச்சாங்களே, அவங்கதான். போன மாசம் கதவைத் தட்டி, "தப்பா நினைச்சுக்காதேம்மா, உங்காத்துல கருவாடு வறுக்கறேளா?"ன்னு கேட்டாங்க. நான் வறுத்தது கேம் கியர்டி! சேகா 1990ல விட்ட கையடக்க மெஷின். கலர் ஸ்கிரீன், பின்னாடி லைட்டு, எல்லா ஆடம்பரமும் உண்டு. ஆறு பென்டார்ச் பேட்டரி போட்டா மூணுல இருந்து அஞ்சு மணி நேரத்துல குடிச்சுத் தீத்துடும். அதுல இருக்கற சின்னச் சின்ன கெபாசிட்டருங்க வயசானா உள்ள இருக்கற திரவத்தைக் கசிய விடும். சத்தம் குறையும், படம் மங்கும், அப்புறம் ஒண்ணுமே வராது. அந்தக் கசிவு மேல அயர்னை வெச்சா அப்படியே மீன் நாத்தம் கிளம்பும். மாமிக்கு மெஷினைக் காட்டி விளக்கினேன். நம்பின மாதிரி தலையை ஆட்டினாங்க, ஆனா அன்னைல இருந்து எங்க வீட்டுப் பலகாரம் வாங்கறதில்ல.

கேம் கியர்ல ஜாயின்ட் விரியறதில்ல, அரிச்சுப் போகுது. ஈயம் சாம்பல் பூத்து நிக்கும், எவ்வளவு சூடு குடுத்தாலும் உருகாம அடம் பிடிக்கும். சூட்டைக் கூட்டினா ஈயம் உருகறதுக்குள்ள அடியில இருக்கற செம்புத் தகடு பேந்து கையோட வந்துடும். ஸ்பிரிட் போட்டுக் கழுவி, புது ஈயத்தைப் பழசோட கலந்து விட்டு, மெதுவாத்தான் எடுக்கணும். அந்த வேலைல இறங்கினா நான் பேசமாட்டேன், யாரும் எங்கிட்ட பேசவும் கூடாது. என் நாத்தனாருக்கு அது தெரியாது. சரியா அந்த நேரத்துலதான் போன் பண்ணி, தன் மருமக சாம்பார்ல வெல்லம் போடறதைப் பத்தி ஆரம்பிப்பா. அந்த மருமக செஞ்ச சாம்பாரை நான் சாப்பிட்டிருக்கேன். வெல்லம் இருந்தாத்தான் நல்லா இருக்கு, ஆனா வாயைத் திறப்பேனா?

உனக்கு நம்ம சின்ன வயசு டிவி கேம் ஞாபகம் இருக்கும். உங்க வீட்டு மச்சுல, உங்கண்ணன் நம்மளைத் தொட விடாம கான்ட்ரா ஆடுவானே, அந்த மஞ்சக் கேசட் மெஷின். நிண்டெண்டோ ஜப்பான்ல 1983 ஜூலை 15ஆம் தேதி விட்ட ஃபாமிகாமோட காப்பி அது. காப்பிங்கறதைச் சொல்லி மட்டம் தட்ட வேணாம், அசலே முதல்ல ஒழுங்கா ஓடல. ஆரம்பத்துல வித்த மெஷினுங்க நடுவுல நின்னு போச்சுன்னு கம்பெனி எல்லாத்தையும் திரும்ப வாங்கி, போர்டை மாத்திக் குடுத்துச்சு. நம்ம ஊரு காப்பி மெஷினைத் திறந்தா உள்ள ஐசியே கண்ணுல படாது. ஒரு கறுப்புத் தார் பொட்டு மட்டும் இருக்கும், அதுக்குள்ள சில்லு. அது நிஜமாவே போச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அது போறது அபூர்வம். கேசட் ஸ்லாட்டுக்கு 60 கால். உங்கண்ணன் கேசட்டைக் குத்தின குத்துக்கும் புடுங்கின புடுங்குக்கும் அந்த அறுபதும்தான் பதில் சொல்லணும். போர்டும் பெரும்பாலும் பழுப்பு நிறத்துல காகிதம் கலந்த மட்டரகம், செம்பு ஒரே பக்கம்தான். நல்ல போர்டுல துளையோட உள்சுவர்லயும் உலோகம் பூசியிருக்கும், ஈயம் மேல இருந்து கீழ வரைக்கும் நிறைஞ்சு பிடிக்கும். இங்க அடியில மட்டும் பிடி. விரியாம என்ன பண்ணும்?

அந்தக் காலத்துல படம் கலங்கினா கேசட்டை எடுத்து ஊதுவோமே, அது வேலை செஞ்சுதுன்னு இன்னைக்கும் உங்கண்ணன் சத்தியம் பண்ணுவான். வேலை செஞ்சது ஊதினதால இல்ல, வெளிய எடுத்துத் திரும்பச் சொருகினதால. ஊதினப்போ போன எச்சில் ஈரம் அந்தக் காலுங்களை அரிச்சதுதான் மிச்சம். நிண்டெண்டோவே பின்னாடி, கேசட்ல ஊதாதீங்கன்னு சொல்லிடுச்சு. இதை அவன்கிட்ட நீ சொல்லு, நான் சொன்னா ரோஷம் வரும்.

உன் பையன் ஏதோ அவன் ஃபிரண்டோட எக்ஸ்பாக்ஸ் 360ஐ ஓவன்ல வெக்கப் போறான்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதே ஓவன்ல நாளைக்கு கேக் செய்வே இல்ல? வேணாம்னு சொல்லு. அந்த மெஷின் கதையே பெரிய கதை. 2005 நவம்பர்ல வந்துச்சு. முகப்புல பச்சையா எரிய வேண்டிய வளையம் சிவப்பாகி செத்துச் செத்து விழுந்துச்சு. அப்ப எக்ஸ்பாக்ஸ் பிரிவைப் பாத்துக்கிட்டிருந்த பீட்டர் மூர், கம்பெனி சிஇஓ ஸ்டீவ் பால்மர் முன்னாடி போய் உக்காந்து, இதைச் சரி பண்ண 115 கோடி டாலர் ஆகும்னு சொன்னாராம். பால்மர் சரி செய்யுங்கன்னுட்டாராம். 2007 ஜூலைல வாரன்டியை மூணு வருஷமா நீட்டினாங்க. அது போதாதுன்னு, பல வருஷம் கழிச்சு அந்தச் சிவப்பு வளையத்தையே போஸ்டராப் போட்டு வித்தாங்க. நம்ம சொந்தத்துல ஒரு பெரியப்பா, கோர்ட்டுல தோத்த கேஸோட தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருந்தாரே, அந்தத் துணிச்சல்.

காரணம் என்னன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. 2006 ஜூலைல இருந்து ஐரோப்பால எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயம் சேக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததால, கம்பெனிங்க எல்லாம் காரீயம் இல்லாத சால்டருக்கு மாறிக்கிட்டிருந்த சமயம். அது 217 டிகிரிக்கு மேலதான் உருகும், கொஞ்சம் முரட்டு ஜாதி. அதனால சிப்புக்கு அடியில இருக்கற ஈய உருண்டைங்க விட்டுப் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. டவலைச் சுத்தி மெஷினைச் சூடாக்கறது, ஓவன்ல போடறதுன்னு எல்லாம் அதுல இருந்து கிளம்பின வைத்தியம்தான். 2021ல எக்ஸ்பாக்ஸ்காரங்களே எடுத்த டாக்குமெண்டரில, அந்த மெஷினை உருவாக்கின டீம்ல இருந்த டாட் ஹோம்டால் உண்மையைச் சொன்னார், விரிசல் போர்டுல இல்ல, கிராஃபிக்ஸ் சிப்போட பேக்கேஜுக்கு உள்ள இருக்கற இணைப்புலன்னு. ஆன் பண்ணி ஆஃப் பண்ணி, சூடும் குளிருமா மாறி மாறி வந்ததுல உடைஞ்சது. அங்க எந்த அயர்னும் போக முடியாது. வீட்டு ஓவனை 200 டிகிரி வெச்சா அந்த ஈயம் உருகவே உருகாது. அப்படியும் சில மெஷின் உயிர் வந்துச்சுன்னா, சூட்டுல எல்லாம் விரிஞ்சு, விட்டுப்போன இணைப்பு தற்காலிகமா தொட்டுக்கிட்டிருக்கு. கொஞ்ச நாள்ல திரும்பவும் சிவப்பு. நான் இவ்வளவு நேரம் ஐசிக்கு வக்கீலா வாதாடிட்டு இப்படிச் சொல்றேனேன்னு சிரிக்காதே. இந்த ஒரு கேஸ்ல அது நிஜக் குற்றவாளி.

இப்ப உன் கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த கேம்பாய். ஸ்கிரீன்ல மேல இருந்து கீழா கோடு கோடா வெறுமையா இருக்குன்னு எழுதியிருக்கே. நிமிந்து நிக்கற கோடுதானே? படுத்த கோடு இல்லியே? நிமிந்த கோடுன்னா எனக்கு சந்தோஷம். 1989ல வந்த முதல் கேம்பாயோட பரம்பரை வியாதி அது. ஸ்கிரீனோட அடி ஓரத்துல ஒரு மெலிசான ரிப்பன், ஃபாக்டரில சூடு வெச்சு ஒட்டினது. வருஷம் ஆக ஆக அந்தப் பிடி அங்கங்க விட்டுப்போகும். எத்தனை இடத்துல விட்டுச்சோ அத்தனை கோடு காணாமப் போகும். அயர்னைக் கம்மிச் சூட்டுல வெச்சு, மெஷினை ஆன்லயே வெச்சுக்கிட்டு அந்த ரிப்பன் ஓரமா மெதுவா ஓட்டினா, ஒவ்வொரு கோடா திரும்பி வர்றது கண் முன்னாடியே தெரியும். நாலு பேட்டரில ஓடற மெஷின்ங்கறதால ஷாக் பயமில்ல. இந்த வேலைக்காகவே நான் காசு வாங்காம கேம்பாய் பாப்பேன். படுத்த கோடு போனா சமாச்சாரம் வேற, அந்தப் பக்கத்து ரிப்பன் அவ்வளவு சுலபத்துல வளைஞ்சு குடுக்காது.

உன் மாமியார்கிட்ட ஒண்ணு சொல்லிடு. சால்டர் புகைல காரீயம் கலந்து வரும், குழந்தைக்கு ஆகாதுன்னு அவங்க பயப்படறதா எழுதியிருந்தே. நாம வெக்கற சூட்டுக்கு காரீயம் ஆவியாகறதில்ல. அந்தப் புகை ஃபிளக்ஸ்ல இருக்கற ரோசின் எரியற புகை. அதுவும் நெஞ்சுக்கு நல்லதில்லதான், வீசிங் இருக்கறவங்களுக்கு சுத்தமா ஆகாது. நான் ஒரு சின்ன ஃபேனைப் பக்கத்துல வெச்சு ஜன்னல் பக்கம் தள்ளி விடறேன். காரீயம் வயித்துக்குப் போறது கை வழியா. அதனால எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாம தண்ணி டம்ளரைக்கூடத் தொடமாட்டேன்.

கேம்பாயை அனுப்பறதுக்கு முன்னாடி பேட்டரி மூடியைத் திறந்து பாரு, உள்ள பழைய பேட்டரி கிடக்கும், நிச்சயம் கிடக்கும். வெள்ளையா பூத்திருந்தா வெறுங்கையால எடுக்காதே. எடுத்துப் போட்டுட்டு, பஞ்சுல துளி வினிகர் தொட்டு அந்தக் கம்பியைத் துடைச்சு நல்லாக் காய வை. அப்புறம் கேசட் ஒண்ணையும் கூடவே வை, எங்கிட்ட டெட்ரிஸ் இல்ல. கொழுந்தனார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பு. உங்க வீட்ல ஒரு சாமான் இடம் மாறினாலே என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அதோட உன் ஓரகத்தி வளைகாப்புல என்னதான் நடந்துச்சு? பாதியில நிறுத்திட்டு "மத்தது அப்புறம்"னு எழுதியிருக்கே. பார்சலுக்குள்ள மீதியை எழுதி வை.

உன்,
சுகுணா